மூட்டை கட்டும் உரிமை

2024 ஜூலை 3 அன்று ‘கூ’ செயலி மூடப்பட்டது. ட்விட்டரின் நீலக் குருவிக்குப் போட்டியாக இந்தியாவில் பறக்கவிட்ட மஞ்சள் குருவி அது. அப்ரமேயா ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடவட்காவும் பெங்களூரில் 2020இல் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒன்றிய அரசின் ‘ஆத்மநிர்பர்’ செயலிப் போட்டியில் பரிசும் வாங்கியது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டப் பதிவுகளை நீக்கும் விவகாரத்தில் அரசுக்கும் ட்விட்டருக்கும் முட்டிக்கொண்டபோது, அமைச்சர்கள் வரிசையாக அங்கே குடிபெயர்ந்தார்கள். தாய்மொழியில் எழுதலாம் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். தமிழும் அதில் உண்டு. ஒரு கட்டத்தில் மாதம் சுமார் ஒரு கோடிப் பேர் வந்துபோனதாக நிறுவனர்கள் விடைபெறும் குறிப்பில் எழுதினார்கள். டெய்லிஹண்ட்டுடன் நடந்த விற்பனைப் பேச்சு முறிந்ததும் கதை முடிந்தது.

முதலீட்டாளர்களின் நஷ்டத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். அங்கே நாலு வருடம் தமிழில் எழுதியவரின் நஷ்டத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எழுதியது, எழுதியதைப் படிக்க வந்தவர்களின் பட்டியல், அவர்கள் போட்ட பதில்கள் என எதையுமே உயிரோடு தூக்கிக்கொண்டு இன்னொரு தளத்தில் குடியேற வழி இருக்கவில்லை. முதலாளி அமெரிக்கராக இருந்தாலும் பெங்களூர்க்காரராக இருந்தாலும், வாடகை வீட்டில் இருப்பவர் நிலை ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. படகு எங்கே வேண்டும், சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் ட்விட்டரில் ஓடியது. தன்னார்வலர்கள் அந்தச் செய்திகளைத் திரட்டி இணையத்தில் பட்டியல் போட்டார்கள். அப்படிச் செய்திகளை இலவசமாக அள்ளித்தந்த ஏபிஐ வாசலை ட்விட்டர் 2023இல் அடைத்துக் கட்டணம் வைத்தது. இன்றும் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கோவளம் முதல் கல்பாக்கம் வரை பலர் முதலில் திறந்து பார்ப்பது ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் ஃபேஸ்புக் பக்கத்தை. அவருக்கும் அவருடைய வாசகர்களுக்கும் நடுவில் நிற்பது மெட்டா நிறுவனத்தின் கணிப்பொறி நிரல். யாருக்கு எதை எப்போது காட்டுவது என்பது அதன் கையில்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால், செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் ஜிஎஸ்டி சாலையோரம் வல்லாஞ்சேரியைக் கைகாட்டலாம். ஜோஹோவின் தலைமையகம் அங்கேதான். அதன் ‘அரட்டை’ செயலி 2021 ஜனவரியில் வந்து, நாலு வருடம் சத்தமில்லாமல் கிடந்து, 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று ஆப் ஸ்டோர் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்வதாக ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அந்த வேகத்தில் பலர் கவனிக்கத் தவறிய இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, அப்போது அழைப்புகளுக்கு இருந்த முழுநீள மறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இன்னொன்று, வேம்புவே சொன்னது: செய்திப் பரிமாற்றம் யுபிஐ போல, மின்னஞ்சல் போல, எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் போகிறதாக இருக்க வேண்டும், அதற்கான நெறிமுறையைப் பொதுவில் வைக்க யுபிஐயின் தொழில்நுட்ப வேலையில் பங்கெடுத்த ஐஸ்பிரிட் குழுவின் சரத் சர்மாவுடன் பேச்சு தொடங்கியாயிற்று என்றார். அரட்டை முதலிடத்தில் இருந்ததைவிட இந்த இரண்டாவது சங்கதிதான் முக்கியம். முதலிடம் சில வாரங்களில் போய்விட்டது.

பிளாக்செயின் சமூக வலைத்தளங்கள் இதே சிக்கலுக்கு வேறு பக்கத்திலிருந்து விடை தேடியவை. ஒரு நிறுவனத்தின் சர்வரில் கணக்கு ஏடு இருப்பதால்தானே அது வைத்ததே சட்டமாகிறது? அந்த ஏட்டைப் பல நூறு கணினிகளில் பிரதி எடுத்து வைத்துவிட்டால், எந்தப் பக்கத்தையும் எவரும் தனியாகக் கிழிக்கவோ திருத்தவோ முடியாது. எழுதுகிறவர் தன் சாவியால் கையெழுத்திட்டுப் பதிவு போடுவார். விளம்பரக்காரருக்குப் பதில் டோக்கன் படியளக்கும். 2016இல் நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் தொடங்கிய ஸ்டீமிட் இந்த வகையில் முதலில் கூட்டம் சேர்த்தது. நல்ல பதிவுக்கு வாசகர் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு ஸ்டீம் டோக்கன். அது இந்தியாவிலும் பலரை இழுத்தது.

2020 பிப்ரவரி 14 அன்று ட்ரான் நிறுவனத்தின் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் கம்பெனியை விலைக்கு வாங்கியதாக அறிவித்தார். கம்பெனிதான் விலை போனது, பிளாக்செயின் சங்கிலி போகவில்லை என்று எழுதுகிறவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கம்பெனி கையில் ஆரம்ப நாளிலேயே யாருக்கும் முன்பாகத் தோண்டி எடுத்துவைத்த பெரும் டோக்கன் குவியல் இருந்தது. வளர்ச்சிப் பணிக்கு மட்டும் செலவழிப்போம், ஓட்டுப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்ற பழைய வாக்குறுதிதான் அதற்குப் பூட்டு. புதியவர் அந்தப் பூட்டை மதிப்பாரா என்ற பயத்தில், சங்கிலியை நடத்திவந்த ‘சாட்சி’கள் பிப்ரவரி 23 வாக்கில் நிரலை மாற்றிக் குவியலை முடக்கினார்கள்.

ஸ்டீமில் பதிவுகளைச் சங்கிலியில் ஏற்றுவது அதிக ஓட்டு வாங்கிய 20 சாட்சிகளும் சுழற்சியில் வரும் இன்னொருவரும். ஒவ்வொரு கணக்கும் 30 சாட்சிகளுக்கு ஓட்டுப் போடலாம். தன் டோக்கன் பலம் முழுவதும் ஒவ்வொரு ஓட்டிலும் எண்ணப்படும். பாதிக்கு மேல் பலம் ஒருவரிடம் சேர்ந்தால் 20 இடமும் அவருக்குத்தான். பாதி இடம் என்ற பேச்சே இல்லை. மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய மூன்று கிரிப்டோ சந்தைகள் தங்களிடம் வாடிக்கையாளர் ஒப்படைத்திருந்த ஸ்டீம் டோக்கன்களை எடுத்து சன் பக்கம் ஓட்டுப் போட்டன. 20 சாட்சிகளும் ஒரே மூச்சில் மாறினார்கள். ஓட்டுக்காகப் பூட்டிய டோக்கனை மீட்க 13 வாரம் ஆகும் என்பதால், பணம் போட்டவர்கள் எடுக்கவும் முடியாமல் நின்றார்கள். சாதாரண மேம்படுத்தல் என்று நினைத்துச் செய்துவிட்டோம் என்று பைனான்ஸ் பின்வாங்கியது. ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

கல்பாக்கம் பக்கத்து அணுபுரத்திலிருந்து பஸ் பிடித்தால் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. மேடைகளில் குடவோலை என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சங்கதிதான். ஸ்டீம் விவகாரத்துக்குப் பிறகு அதை மறுபடி வாசித்தால் வேறு சில வரிகள் கண்ணில் படுகின்றன. அதுவும் எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. பிராமணச் சபை, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது என்று வாசலிலேயே வடிகட்டிவிட்டது. உள்ளே நுழைந்த பிறகு கதை வேறு. கால் வேலிக்காரனுக்கும் நூறு வேலிக்காரனுக்கும் குடத்தில் ஒரே ஓலை. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. ஸ்டீமை வடிவமைத்தவர்கள் சொத்துத் தகுதியை வைத்துக்கொண்டு, சொத்தைக் கட்டுப்படுத்தும் மற்ற விதிகள் அத்தனையையும் விட்டுவிட்டார்கள். கணக்கியல் துல்லியம் கூடிய அளவுக்கு ஆட்சிமுறை யோசனை அங்கே நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மார்ச் 20 அன்று பழைய கூட்டம் சங்கிலியின் முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு ‘ஹைவ்’ என்ற புதுச் சங்கிலியைத் தொடங்கியது. பறிகொடுத்த 18ஆம் நாள். பழைய பதிவுகள், பின்தொடர்பவர்கள், டோக்கன் இருப்பு எல்லாம் அங்கே அப்படியே வந்தன. கம்பெனியின் குவியல் மட்டும் வரவில்லை. சன் பக்கம் ஓட்டுப் போட்ட சிலருடைய பங்கையும் விட்டுவிட்டார்கள், புது வீட்டிலும் பழைய பகை இருந்தது. பழைய வீட்டில் இன்னும் மோசம்: மே மாதம் ஸ்டீம் சங்கிலியில் ஒரு நிரல் மாற்றம் செய்து, எதிரணியினரின் கணக்குகளிலிருந்து 2.36 கோடி ஸ்டீமைப் பிடுங்கினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 50 லட்சம் டாலர். எவராலும் தொட முடியாத ஏடு என்ற விளம்பரத்துக்கு அதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை.

ஆக, சங்கிலியின் பலம் எது என்பதைத்தான் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்தே தவறவிடுகிறார்கள். பிடுங்க முடியாது என்பது பொய்யாகிவிட்டது. பிடுங்கப்பட்டவர்கள் முழு ஏட்டோடு எழுந்து போக முடிந்தது என்பது உண்மையாகிவிட்டது. ‘கூ’வில் எழுதியவருக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டாவதுதான்.

இந்த உரிமைக்கு விலை இல்லாமல் இல்லை. தமிழில் எழுதுகிறவர் மற்றவரைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார். ‘அணுபுரம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ப்ளூஸ்கை அதைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாக எண்ணுகிறது: அ, ணு, பு, ர, ம் என்று ஐந்து. எக்ஸ் தளம் யூனிகோட் குறிகளாக எண்ணுகிறது. உகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் எட்டு. பிளாக்செயின் அடிப்படையிலான ஃபார்காஸ்டர் பைட்டாக எண்ணுகிறது. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 24. இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு பைட்டோடு போயிற்று. ஃபார்காஸ்டரின் வழக்கமான பதிவுக்கு உச்சவரம்பு 320 பைட். ஆங்கிலத்தில் மூன்று நாலு வாக்கியம் தாராளமாக எழுதலாம். தமிழில் பெரும்பாலும் இரண்டு குறள் அடங்கும், மூன்றாவதற்கு இடமில்லை. ஹைவிலும் பரிவர்த்தனையின் பைட் அளவு கூடக்கூட, கணக்கின் எழுதும் ஒதுக்கீடு வேகமாகக் கரையும். யாரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. சேமிப்புக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்குச் சங்கிலி பைட் கணக்கில் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். பெருநிறுவனங்கள் அந்தச் செலவை விளம்பரத்துக்குள் ஒளித்துவைக்கின்றன.

டோக்கன் வருமானத்தின் கதையும் இந்தியாவில் சிக்கல்தான். 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து கைமாறினால் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஜூலை முதல் ஒரு சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்க முடியாது. இரண்டு பாராட்டு ஓட்டுக்குச் சில்லறை டோக்கன் வாங்கிய கவிஞர், ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாகிறது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. வசீர்எக்ஸ் சந்தையில் முடங்கிய 3,532 எக்ஸ்ஆர்பி டோக்கன்கள் பற்றிய வழக்கில், கிரிப்டோ என்பது சொத்துதான், அதை ஒருவர் இன்னொருவருக்காக வைத்திருக்க முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். மூன்று சந்தைகள் வாடிக்கையாளர் டோக்கனை எடுத்து ஓட்டுப் போட்ட 2020இல் இப்படி ஒரு தீர்ப்பு கையில் இருந்திருந்தால், வாக்குவாதமாவது வேறு மாதிரி போயிருக்கும்.

இதையெல்லாம்விடக் கடினமான கேள்வி, அழிக்க முடியாமை. கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே இருக்கும் அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்துக்கு அது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. சில கிலோமீட்டர் தூரத்தில் சென்னை அணுமின் நிலையம், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். சுற்றுவட்டார ஊர்களில் மாவட்ட நிர்வாகம் அவசரகால ஒத்திகை நடத்தும் பகுதி இது. ஒத்திகையின் வீடியோவில் ஒரு துண்டை வெட்டி, கதிர்வீச்சுக் கசிவு என்று தலைப்பு வைத்து ஒருவர் ஏற்றினால் என்ன ஆகும்? மையத் தளமாக இருந்தால் புகார், நீக்கம், பகிர்வுத் தடை என்று ஏதோ ஒரு பிடி இருக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றது. அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படி நடந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. தாமதமான முடிவு, போதாத முடிவு. ஆனாலும் அப்படி ஒரு முடிவை எடுக்க ஒரு முதலாளி இருந்தார். சங்கிலியில் அந்த நாற்காலியே கிடையாது. செயலி காட்டாமல் மறைக்கலாம். ஏட்டில் இருப்பது இருந்துகொண்டே இருக்கும்.

மார்பிங் செய்த படத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணிடம், செயலியில் அது தெரியாது என்று சொல்வது பதில் ஆகாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைக் கொடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. அழிக்க முடியாத ஏட்டின் மேல் அந்த உரிமையை யார், யாரிடம் கேட்பது?

சங்கிலி எதற்குப் பொருந்தும் என்பதைத் தமிழ்நாடு அரசு வேறொரு இடத்தில் புரிந்துவைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டு, ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான சங்கிலி கட்டும் வேலையைத் தொடங்கியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போன்றவை மாறக் கூடாதவை, போலி கூடாதவை. அவற்றுக்கு அழியாத ஏடு சரி. கோபத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் போட்ட பதிவுக்கும் அதே ஏடு எதற்கு? ஃபார்காஸ்டரே இதை ஓரளவு ஒப்புக்கொண்ட வடிவம்தான். இன்னார் கணக்கு இன்னார் சாவிக்கு உரியது என்பது மட்டும் ஆப்டிமிசம் சங்கிலியில்; பதிவுகள் அந்தச் சங்கிலிக்கு வெளியே, தனிக் கணினிகளின் வலையில்.

அப்படியும் ஆள் சேரவில்லை. கணக்கு தொடங்கியவர் சேமிப்புக்கு ஆண்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது. 2024 மே மாதம் 15 கோடி டாலர் முதலீடு வாங்கியபோது நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலர். 2025 கடைசியில் அதன் நிறுவனர் டான் ரோமெரோ, சமூக ஊடகத்தை முன்வைத்து நாலரை வருடம் முயன்றும் எடுபடவில்லை, இனி வாலட்தான் என்றார். அடுத்த மாதமே வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஃபார்காஸ்டருக்கு முதலில் பெரிய பணம் போட்டது ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ். காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம்மில் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணன், அங்கே 2021இல் பங்குதாரராகச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது உதவிக்குப் போய் உட்கார்ந்தார். பணம் இரண்டு பக்கமும் பந்தயம் கட்டும் என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

பரவலாக்கம் என்ற சொல்லுக்கு அடியில் கிடக்கும் இயந்திரமும் பெருநிறுவனத்துடையதாகவே இருக்கிறது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் மேகக் கணினிச் சேவை வர்ஜீனியாவில் படுத்தபோது, கிரிப்டோ சந்தையான காயின்பேஸும் அதன் பேஸ் சங்கிலியும் சேர்ந்தே தடுமாறின. அரசுகளுக்கும் சங்கிலியை உடைக்க வேண்டிய அவசியம் வருவதில்லை; செயலிக் கடையின் கதவைச் சாத்தினால் போதும். நோஸ்டர் என்ற பரவலாக்க வலையின் டாமஸ் செயலி 2023 பிப்ரவரியில் சீன ஆப் ஸ்டோரில் நுழைந்த இரண்டே நாளில் வெளியேற்றப்பட்டது. இந்திய அரசு அதே ஆண்டு மே மாதம், காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 14 செயலிகளைத் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் பெல்டெக்ஸ் சங்கிலியில் ஓடும் பிசாட்டும் இருந்தது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் ஓடும் எலிமென்ட்டும் இருந்தது. எலிமென்ட்டை ஐரோப்பிய அரசு அலுவலகங்களே பயன்படுத்துகின்றன.

சங்கிலி இல்லாமலே கூட்டமைப்பாக நடக்கும் தளங்கள்தான் இப்போதைக்கு ஓரளவு உயிரோடு இருக்கின்றன. ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டடான் அதில் ஒன்று. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியர்கள் பலர் அங்கே போனார்கள். அதில் பெரும்பாலோர் திரும்பியும் வந்தார்கள், பேச ஆள் இல்லை என்று. அங்கே எவரும் தம் சர்வரை வைத்துக்கொண்டு மற்ற சர்வர்களோடு பேசலாம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் இதையே கூட்டுறவுச் சங்கமாகச் செய்து பார்க்கிறார்கள். எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் ஓடும் ‘ப்ராவ்’ செயலியை, பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் உறுப்பினர்களுக்கே சொந்தமாக்குவது திட்டம். அந்தச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாநிலங்களில் மாநிலத்துக்கு 50 பேர் வேண்டும். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும், கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

அணுபுரம் மாதிரி ஒரு டவுன்ஷிப், இப்படி ஒரு தளத்துக்குக் கச்சிதமான இடம். சில ஆயிரம் பேர், ஒரே முதலாளி, பள்ளிக்கூடம், தண்ணீர் வரும் நேரம், பஸ் நேரம், ஒத்திகை அறிவிப்பு. ஒரு மாஸ்டடான் சர்வரை நடத்தும் திறமை உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். வதந்தி கிளம்பினால் நீக்கவும் மறுக்கவும் உள்ளூரிலேயே பொறுப்பாளர் இருப்பார். அவரைத் தெருவில் நிறுத்திக் கேள்வியும் கேட்கலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குப் பயந்து பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீகாகுளத்துக்கோ கோவில்பட்டிக்கோ போகிறவர் கணக்கு என்ன ஆகும் என்பதுதான் அங்கே சோதனை. இன்றைய மாஸ்டடானில் ஒருவர் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். எழுதிய பதிவுகள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். ப்ளூஸ்கையின் நெறிமுறையில் இரண்டையும் எடுத்துப் போகலாம். கணக்குகளின் அடையாளப் பேரேடு மட்டும் இன்னும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஹைவில் எங்கும் மாற வேண்டியதே இல்லை, சாவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். பேத்தியைப் பற்றி எழுதியதை அழித்துவிடு என்று மகள் கேட்டால் மட்டும் முடியாது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறும்போது என்ன எடுத்துப் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வல்லாஞ்சேரியில் எழுதப்படப்போவதாகச் சொன்ன நெறிமுறையில் காலி செய்துவிட்டுப் போகிறவர் கணக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரு விதி இருக்க வேண்டும்.